செங்கற்சுவருக்குள் ஒரு காயல்

பூல் துறைமுகத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர் படகு நேரத்தைப் பார்க்கும் முன் ஓத நேரத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்தில் இருக்கும் இது உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. சராசரி ஆழம் அரை மீட்டர்தான் என்பார்கள். கடைசிப் பனியூழி முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு மூழ்கி உண்டான இடம். கடலுக்குத் திறக்கும் வாய் நானூறு மீட்டர்கூட இல்லை. உள்ளே கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு.

நீர் வற்றும்போது கரைப்பறவைகள் இந்தச் சேறெங்கும் சிதறிப் புழு பொறுக்குகின்றன. அப்போது எங்கிருந்து பார்த்தாலும் தூரத்துப் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏறும்போது மேய்ச்சல் நிலம் மூழ்கிவிடுகிறது; மறுபடி வற்றும்வரை ஒதுங்கி நிற்க அவற்றுக்கு ஆழமில்லாத, யாரும் விரட்டாத ஓரிடம் வேண்டும். அந்த இடம் பிரவுன்சித் தீவின் காயல். பூலில் ஓதம் ஏறி, சற்றே இறங்கி, மீண்டும் ஏறும் இயல்புடையது. அதனால் ஏற்றம் மணிக்கணக்கில் நீடிக்கிறது. பறவைகளுக்கு அது நீண்ட காத்திருப்பு. பார்க்க வருகிறவருக்கு நல்ல காலம்.

நாங்கள் போனது அக்டோபர் நடுவில். அக்கா மகன் போர்ன்மத்தில் படிக்கிறான். நண்பகலில் ஏற்றம் வரும் நாளாகத் தேர்ந்தெடுத்து, பூல் படகுத்துறையில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தான். குளிர்காலம் தொடங்கிவிட்டால் தீவுக்கு வழக்கமான படகுப் போக்குவரத்து நின்றுவிடும். பறவைகள் வந்து சேர்வதற்கும் படகுகள் நிற்பதற்கும் இடையே கிடைக்கும் அந்தச் சில வாரங்கள்தான் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு வாய்த்த காலம்.

படகு சாண்ட்பேங்க்ஸ் முனையைப் பார்த்தபடி போயிற்று. நாட்டிலேயே மிக விலை உயர்ந்த கடற்கரை வீடுகள் அங்கே கண்ணாடிச் சுவர்களோடு தண்ணீரை ஒட்டி நெருக்கியடித்து நிற்கின்றன. எதிரே, கூப்பிடு தூரத்தில், பைன் மரங்கள் மூடிய தீவு. ஒரே துறைமுகத்தின் இரண்டு கரைகள் இவ்வளவு வேறு விதமாகப் போனது தற்செயல் அல்ல. 1961-ல் தீவு விற்பனைக்கு வரப்போகிறது என்ற நிலையில் ஹெலன் பிரதர்டன் என்ற பெண்மணி அதைக் காப்பாற்ற ஓடியாடிப் பணம் திரட்டினார்; டோர்செட்டின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். 1962-ல் தேசிய அறக்கட்டளை தீவை ஏற்றது. வடபாதியை டோர்செட் வனவுயிர் அறக்கட்டளை இன்றுவரை பேணுகிறது. பிரதர்டனும் அவரோடு நின்றவர்களும் இல்லாவிட்டால் இந்தக் கரையிலும் கண்ணாடி வீடுகள் வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இறங்கும் இடத்தில் எட்டாம் ஹென்றி காலத்துக் கோட்டையாகத் தொடங்கிய மாளிகை இருக்கிறது. இப்போது ஒரு பெரிய கடை நிறுவனத்தின் ஊழியர்கள் விடுமுறைக்குத் தங்கும் விடுதி அது. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் சில சிறுவர்களைக் கூட்டிவந்து கூடாரமடித்ததும் இத்தீவில்தான். சாரணர் இயக்கத்தின் பிறப்பிடம் என்று உலகம் முழுவதிலுமிருந்து சாரணர்கள் வருகிறார்கள். நாங்கள் இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே காயலுக்கு நடந்தோம். ஓதம் காத்திருக்காது.

மக்டொனால்ட் மறைகுடில் காயலின் கரையோரம் மரத்தால் கட்டியது. உள்ளே பெஞ்சு, நீள நீளமான பலகைச் சன்னல்கள். சன்னல் பலகையைத் தூக்கியதும் முதலில் வந்தது சத்தம். ஓயாத, பல குரல் கலந்த முணுமுணுப்பு. பிறகுதான் கண் பழகியது. எதிரே நீண்டு கிடந்த வெள்ளைத் திட்டை மணல் என்று நினைக்க இடமில்லை, அது நகர்ந்தது. கோணமூக்கு உள்ளான்கள். நூற்றுக்கணக்கில், ஒன்றையொன்று ஒட்டி, பெரும்பாலும் ஒற்றைக் காலில், காற்றுக்கு எதிர்முகமாக நின்றுகொண்டிருந்தன. நடுக்குளிரில் இங்கே ஆயிரத்துக்கும் மேல் சேரும் என்று குடிலில் இருந்த தன்னார்வலர் சொன்னார். வயதான பெண்மணி, தொலைநோக்கியில் கண் வைத்தபடியே பேசினார், கையில் எண்ணும் கருவி டிக் டிக் என்றது.

கூட்டத்தின் ஓரத்தில் சில தூங்காமல் மேய்ந்தன. மேல்நோக்கி வளைந்த அந்த மெல்லிய கறுப்பு அலகை நீரின் மேற்பரப்பில் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கின்றன. அலகு திறந்திருக்கும், சிறு இறால்களும் புழுக்களும் பட்டதும் மூடிக்கொள்ளும். கண்ணால் தேடுவதில்லை, தொட்டறிந்து பிடிக்கின்றன. ஆழம் கூடிய இடத்தில் சவ்வுக் கால்களால் நீந்தி, தலையை முழுதாக நீருக்குள் கவிழ்த்துக்கொண்டன. வேறெந்தக் கரைப்பறவையிடமும் இவ்வளவு நிதானத்தை நான் பார்த்ததில்லை.

இந்தப் பறவை பிரிட்டனில் கூடு கட்டுவதை 1840-களிலேயே நிறுத்திவிட்டது. சதுப்பு நிலங்களை வடித்தார்கள், முட்டைகளை எடுத்துத் தின்றார்கள், அபூர்வமாகிவிட்ட பிறகு சேகரிப்பாளர்கள் சுட்டார்கள். நூறு ஆண்டு இல்லாமலிருந்து 1947-ல் கிழக்குக் கரையில் மின்ஸ்மியரிலும் ஹேவர்கேட் தீவிலும் மறுபடி கூடு வைத்தது. காரணம் இரண்டாம் உலகப் போர். ஜெர்மானியப் படை இறங்கிவிடக் கூடாது என்று மின்ஸ்மியரில் மேய்ச்சல் நிலத்துக்குள் நீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். போர் முடிந்தது, தண்ணீர் நின்றது, பறவை வந்தது. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பிறகு இதையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது.

எங்கள் எதிரே இருந்த காயலின் கதையும் அதற்கு நெருங்கிய உறவு. 1852-ல் இத்தீவை வாங்கியவர் கர்னல் வில்லியம் பெட்ரி வாக். இந்தியப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். தீவின் மண்ணில் பீங்கானுக்கு உகந்த உயர்ந்த வெண்களிமண் இருக்கிறதென்று நம்பிப் பெருங்கடன் வாங்கினார். சூளைகள் கட்டினார், ஒரு தேவாலயம் கட்டினார், வேலையாட்களுக்கு ஒரு சிற்றூரே கட்டி மனைவி மேரியின் பெயரால் மேரிலேண்ட் என்று அழைத்தார். அதோடு நில்லாமல், தீவின் வடகிழக்கில் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடா என்றிருந்த கடற்பகுதியைச் செங்கற்சுவர் எழுப்பித் தடுத்து, நீரை இறைத்து வெளியேற்றி மேய்ச்சல் நிலமாக்கினார்.

களிமண் பீங்கானுக்கு ஆகவில்லை. சாக்கடைக் குழாய்க்குத்தான் ஆயிற்று. 1857-ல் பூல் நகர வணிகர்கள் சிலர் அவரை நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்கப் போனார்களாம். காது சரியாகக் கேளாத மேரி அம்மையார், கடனைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணி அவகாசம் கேட்டுக் கெஞ்சினாராம். அதோடு குட்டு உடைந்தது என்று ஊரில் கதை சொல்கிறார்கள். கர்னல் ஸ்பெயினுக்கு ஓடிவிட்டார். சுவர் நின்றது.

மேய்ச்சல் நிலம் ஒரு தலைமுறைக்கு மேல் மேய்ச்சல் நிலமாகவே இருந்தது. 1927-ல் மேரி பான்ஹம் கிறிஸ்டி தீவை வாங்கினார். மனிதர்கள் வேண்டாம், மரமும் விலங்கும் போதும் என்று இருந்த பெண்மணி. குடியிருந்தவர்களில் பெரும்பாலோரை வெளியேற்றினார். வேட்டைக்குத் தடை, மீன்பிடிக்குத் தடை. வயல்களைக் காட்டுக்கு விட்டார். நீர் இறைக்கும் காற்றாலையைப் பார்ப்பாரில்லை. 1930-களில் மேய்ச்சல் நிலத்துக்குள் தண்ணீர் மெல்ல ஊறித் திரும்பி வந்தது. ஆனால் கடல் முழுதாக உள்ளே வரச் சுவர் விடவில்லை. ஓதம் ஏறினாலும் இறங்கினாலும் பெரிதாக மாறாத, ஆழமற்ற உப்பங்கழி ஒன்று அப்படிப் பிறந்தது. பேராசைக்காரர் ஒருவர் கட்டினார், பிடிவாதக்காரர் ஒருவர் கைவிட்டார். அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கோணமூக்கு உள்ளான் ஒற்றைக் காலில் தூங்குகிறது.

தீவுக்காரர்களை விரட்டியதை நான் நியாயப்படுத்தவில்லை. தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வீடிழந்தன. 1934-ல் பெருந்தீ பிடித்து ஒரு வாரம் எரிந்தபோது தீவின் பெரும்பகுதி கருகியது. அணைக்க ஆள் பலம் இல்லாததும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். கைவிடுவது வேறு, காப்பது வேறு என்பதை இத்தீவில் நடக்கும்போது அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

"மாமா, அங்க பாருங்க, வலது பக்கம், வெள்ளையா" என்று மருமகன் என் கையைத் தொட்டான். கரண்டிவாயன்கள். வரிசையாக, அலகை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. இருபதுக்கு மேல் இருக்கும். ஒன்று விழித்து, தலையைத் தூக்கி, மஞ்சள் நுனி கொண்ட அந்தத் தட்டையான அலகைக் காட்டியது. காலில் வண்ண வளையங்கள். நெதர்லாந்தில் பிறந்து அங்கே வளையம் இடப்பட்டவை பல இங்கே வருவதாகத் தன்னார்வலர் சொன்னார். வேடந்தாங்கலில் கடப்ப மரத்தில் கூடு கட்டும் கரண்டிவாயனும் இதே இனம்தான். பிரிட்டனில் இது பதினேழாம் நூற்றாண்டோடு கூட்டமாகக் கூடு வைப்பதை விட்டுவிட்டு, 2010-ல்தான் நார்ஃபக் கரையில் ஹோல்கமில் மறுபடி கூட்டமாகக் கூடு வைத்தது. வேடந்தாங்கல் மட்டும் என்ன, மனிதன் வெட்டிய பாசன ஏரிதானே? எச்சம் விழுந்த நீர் வயலுக்கு நல்லது என்று அறிந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் பறவையைச் சுட விடாமல் காத்தார்கள். மனிதக் கை படாத இடம்தான் இயற்கை என்று பேசுகிறவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. கை பட்டபின் அந்தக் கை என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

கருவால் மூக்கன்கள் ஒரு பெருங்கூட்டமாகக் காயலின் நடுவில் நின்றன. கோடைச் சிவப்பு இன்னும் சிலவற்றின் கழுத்தில் ஒட்டியிருந்தது. இங்கே வருபவை ஐஸ்லாந்தில் முட்டையிட்டவை. கோடியக்கரைச் சேற்றில் நான் பார்த்துப் பழகிய கருவால் மூக்கன்கள் ஆசியாவின் வடபுலத்திலிருந்து வருபவை. ஒரே இனம், இரண்டு பாதைகள். நீண்ட நேரான அலகை அடிவரை சேற்றில் இறக்கித் தைப்பதில் எந்த வேறுபாடும் இல்லை. பவளக்காலிகள், பச்சைக்காலிகள், தண்ணீரின் விளிம்பில் நாமத்தலை வாத்துகளும் கிளுவைகளும். கிளுவையின் மெல்லிய விசில் மற்ற எல்லாச் சத்தத்துக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

திடீரென்று அந்தச் சத்தம் முழுவதும் நின்றது. ஒரு நொடி. அடுத்த நொடி காயல் முழுவதும் எழும்பியது. மூக்கன்கள் வெள்ளை இறக்கைப் பட்டை பளிச்சிட ஒரே உடலாகத் திரும்பின. கோணமூக்கு உள்ளான்கள் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழன்று வேறு உயரத்துக்கு ஏறின. "பொரி வல்லூறு, மேலே, மேலே" என்றார் தன்னார்வலர். நான் தேடிக் கண்டபோது அது கூட்டத்துக்கு மேலே இருந்தது. ஒரு முறை பாய்ந்தது, கூட்டம் பிளந்தது, வெறும் காலோடு ஏறி மரங்களுக்கு அப்பால் போய்விட்டது. பறவைகள் வந்திறங்கிப் பழைய வரிசை கூட வெகுநேரம் ஆயிற்று. தன்னார்வலர் எண்ணும் கருவியைச் சுழியத்துக்குத் திருப்பினார். முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

விராலடிப்பான் அன்று இல்லை. செப்டம்பரிலேயே மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும். ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் இந்தத் துறைமுகத்தைப் பற்றிப் பேச முடியாது. 2017 முதல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே வளர்த்துப் பறக்கவிட்டார்கள். வளர்ந்த இடத்துக்குத் திரும்பிவந்து கூடு வைக்கும் அதன் குணத்தை நம்பிச் செய்த வேலை. 2022-ல் இங்கே குஞ்சு பொரித்தது; தென்கரையில் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளில் முதல் முறை.

ஏற்றம் தணியத் தொடங்கியதும் பறவைகள் சிறு சிறு கூட்டமாகச் சுவரைத் தாண்டித் துறைமுகத்துக்குப் பறந்தன. நாங்கள் காட்டுக்குள் நடந்தோம்.

தீவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செவ்வணிலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நம்மூர் முதுகுவரி அணிலைவிடப் பெரியது. செம்பழுப்பு உடல், வெள்ளை வயிறு. இலையுதிர் காலத்தில் காது நுனியில் நீண்ட மயிர்க்கற்றை வளரத் தொடங்கும். வட அமெரிக்கச் சாம்பல் அணிலை 1876-ல் தொடங்கிச் செல்வந்தர்கள் தங்கள் பூங்காக்களில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகி இன்று பிரிட்டனில் இருபது லட்சத்துக்கு மேல். செவ்வணிலுக்குச் செரிக்காத ஏகோர்ன் கொட்டை சாம்பல் அணிலுக்கு நன்றாகச் செரிக்கும். அது சுமந்து திரியும் அணிலம்மை வைரஸ் அதை ஒன்றும் செய்யாது, செவ்வணிலைக் கொன்றுவிடும். தென் இங்கிலாந்தில் செவ்வணில் எஞ்சியது வைட் தீவிலும், பிரவுன்சியிலும், இதே துறைமுகத்தின் ஃபர்சித் தீவிலும்தான். நடுவே இருக்கும் தண்ணீர்தான் காப்பு. பிரவுன்சியில் ஏறக்குறைய இருநூறு இருக்கின்றன.

பைன் மரத்தடியில் முதலில் கண்டது அணிலை அல்ல, அது தின்று எறிந்த பைன் காய்களை. செதில்களைக் கொறித்து விதைகளை எடுத்தபின் மிஞ்சும் நடுத்தண்டு, தின்று முடித்த மக்காச்சோளக் கட்டை போலவே இருக்கிறது. மேலே கிளையிலிருந்து செதில்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தால் வாலை முதுகின்மேல் சாய்த்து உட்கார்ந்து, காயை இரு கையிலும் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கொறித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று தரையில் ஓடிவந்து, வாயிலிருந்த கொட்டையைச் சருகுக்கடியில் புதைத்து, முன்கால்களால் தட்டி மூடிவிட்டுப் போயிற்று. செவ்வணில் குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிப்பதில்லை. இந்தப் புதையல்களை மோப்பத்தால் தேடித் தின்றுதான் பிழைக்கும். தேடிக் கிடைக்காதவை மரமாகும்.

பாதையோரத்தில் ஓர் அணில் எங்களை நெருங்கி வந்தது. காதிலும் மூக்கருகிலும் மயிர் இல்லாமல் தோல் தடித்து மின்னியது. மருமகன் குனிந்து படமெடுக்கப் போனான். நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அது தொழுநோய். 2016-ல் வெளியான ஆய்வொன்று பிரவுன்சியின் செவ்வணில்களிடம் மனிதருக்குத் தொழுநோய் தரும் அதே பாக்டீரியாவைக் கண்டது. அதுவும் எந்த வகை? இடைக்கால இங்கிலாந்தில் தொழுநோயாளிகளின் எலும்புகளில் கிடைத்த வகைக்கு மிக நெருங்கியது. பிரிட்டனின் மனிதர்களிடையே பல நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த நோய், மரக்கிளைகளில் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு. தொடாமல், கையால் ஊட்டாமல் இருந்தால் போதும். நோய் இருந்தும் இத்தீவின் அணில்கள் பெருகித்தான் வாழ்கின்றன. ஆனாலும் அந்த அணில் அப்படி நெருங்கி வந்தது என் மனத்தைச் சங்கடப்படுத்தியது. யாரோ ஊட்டிப் பழக்கியிருக்கிறார்கள். அன்பு என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள்.

தேவாலயத்தின் பக்கத்துப் புல்வெளியில் மயில்கள் மேய்ந்தன. நம் மயிலேதான். முன்பிருந்த உரிமையாளர்கள் காலத்தில் அழகுக்காக வந்தவற்றின் வழித்தோன்றல்கள். தோகை உதிர்ந்த பருவம்; வாலில்லாத ஆண்மயில்கள் குளிர்ந்த ஈரப்புல்லில் நடந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

மேற்கே போகப் போக, தரை மாறியது. பிர்ச் மரங்கள் மஞ்சளாக நின்றன. அடியில் வெண்புள்ளி போட்ட சிவப்புக் காளான்கள். பெரணி காய்ந்து துருநிறம் ஏறியிருந்தது. சில இடங்களில் மட்டும் நிலம் வெறிச்சென்று, தடித்த அடித்தண்டுகள் வெட்டுண்டு கிடந்தன. அது ரோடோடென்ட்ரான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூவுக்காகக் கொண்டுவந்து நட்ட புதர். நட்டவர் போய்விட்டார், புதர் காட்டை விழுங்கிவிட்டது. அதன் நிழலில் வேறெதுவும் முளைக்காது. கைவிடப்பட்ட ஆண்டுகளில் தீவின் பெரும்பரப்பை மூடியிருந்த அதைத் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகள் வெட்டினார்கள். இன்னும் முளைப்பதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் சீமைக்கருவேலத்தோடும் உண்ணிச்செடியோடும் போராடுகிறவர்களுக்கு அந்த வேலையின் களைப்பு தெரியும்.

அங்கேதான் அந்தக் கூச்சல் கேட்டது. உயர்ந்த சுருதியில் விசிலாகத் தொடங்கி, முனகலாக இறங்கி முடியும் குரல். மருமகன் நின்றுவிட்டான். "யாரோ கத்துற மாதிரி இருக்கே மாமா." சிகா மான். கிழக்காசிய இனம். 1896-ல் இத்தீவுக்குக் கொண்டுவந்தார்கள்; வந்த வேகத்தில் சில நீந்திக் கரையேறிப் பர்பெக் நிலத்தில் பரவிவிட்டன. அக்டோபர் அவற்றின் இணைசேர் காலம். புதர் விளிம்பில் ஒரு கலை நின்றது. குளிர்கால மயிர் ஏறி உடல் ஏறக்குறையக் கறுத்திருந்தது, கழுத்தில் பிடரி, கொம்பில் கிழித்த பெரணியின் தழை தொங்கியது. தலையைத் தூக்கி மறுபடி கத்தியது. எதிர்க்குரல் சதுப்புப் பக்கமிருந்து வந்தது. அழகான விலங்கு. ஆனால் எண்ணிக்கை கூடினால் இளங்கன்றுகளையும் நாணலையும் உப்புச் சதுப்பையும் மேய்ந்து தீர்க்கும். அதனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகாமல் சுட்டுக் குறைக்கிறார்கள். கேட்கக் கடினமாக இருந்தாலும், அதைச் செய்யாவிட்டால் நாணலில் கூடு வைக்கும் பறவைகளுக்கு இடமிருக்காது. கொண்டுவந்து விட்டவர்களுக்கு அந்தக் கடினம் தெரியாமலே போயிற்று.

தீவின் மேற்குக் கரைக்குப் பாட்டரி பியர் என்று பெயர். வாக் துரையின் சூளைச் சரக்கு ஏற்றிய படகுத்துறை. கரை முழுவதும் மணல் அல்ல, உடைந்த சுட்டமண் துண்டுகள். குழாய்களின் வளைவு, கழுத்து, மூட்டு எல்லாம் அலையில் உரசி முனை மழுங்கி, காலடியில் கலகலவென்று நகர்ந்தன. மேரிலேண்ட் சிற்றூரில் எஞ்சியது அடித்தளச் செங்கல் மட்டும். 1942-ல் பூலைத் தாக்க வரும் விமானங்களை ஏமாற்ற இத்தீவின் இந்தப் பக்கத்தில் பொய்த் தீ மூட்டினார்கள். நகரத்துக்கு வரவேண்டிய குண்டுகள் இங்கே விழுந்தன.

எதிரே தெரிந்த ஃபர்சித் தீவில் பைன் மரங்களுக்குப் பின்னால் எண்ணெய்க் கிணறுகள் மறைந்திருக்கின்றன. இந்தத் துறைமுகத்துக்கு அடியில் இருப்பது மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலப்பகுதி எண்ணெய் வயல். 2023 மார்ச்சில் குழாய் கசிந்து ஏறத்தாழ இருநூறு பீப்பாய் எண்ணெய் கலந்த நீர் துறைமுகத்தில் பரவியது. வயல்களின் உரமும் ஊர்க் கழிவுநீரும் ஆற்றோடு வந்து சேர்ந்து சேற்றின்மேல் பச்சைப் பாசியைப் போர்த்துகின்றன; பாசிக்கடியில் புழு சாகிறது, புழு இல்லாத சேற்றில் மூக்கனுக்கு வேலை இல்லை. காயலில் எவ்வளவு அமைதியாகத் தூங்கினாலும், நீர் வற்றியதும் அது இந்தச் சேற்றுக்குத்தான் வர வேண்டும். கடல்மட்டம் ஏற ஏற, நூற்றெழுபது ஆண்டுப் பழஞ்சுவர் எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்வியும் இருக்கிறது.

சுட்டமண் துண்டுகளின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கு மேய்ந்துகொண்டிருந்தது. கறுப்புக் கால், மஞ்சள் பாதம். ஒரு காலைச் சேற்றில் நடுக்கி, கலங்கி ஓடும் மீனைக் குத்தும் அதே வித்தை. நம் வயல்களில் யாரும் திரும்பிப் பார்க்காத பறவை. பிரிட்டனில் இது முதன்முதலில் கூடு கட்டியது இந்தப் பிரவுன்சித் தீவில், 1996-ல். அதற்கு முன் இந்நாட்டோடு இதற்கிருந்த பெரிய தொடர்பு தொப்பி வழியாக வந்தது. இணைசேர் காலத்தில் முதுகில் வளரும் மெல்லிய தூவிகளுக்காக உலகெங்கும் கொக்குகளைக் கொன்று, லண்டன் ஏலக்கூடங்களில் எடைபோட்டு விற்றார்கள். அந்தக் கொலையைப் பொறுக்காமல்தான் 1889-ல் மான்செஸ்டரில் எமிலி வில்லியம்சன் பெண்களைத் திரட்டிச் சங்கம் தொடங்கினார். காயலில் நாங்கள் பார்த்த பறவையைச் சின்னமாகக் கொண்ட சங்கம் அப்படித் தொடங்கியதுதான். 1921-ல் இறகு இறக்குமதிக்குத் தடைச் சட்டம் வந்தது. பருவநிலை இளகியதும் பிரான்ஸ் பக்கமிருந்து கொக்கு தானாகவே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. தூவிக்காகக் கொல்லப்பட்ட பறவைக்கு இங்கே முதல் கூடு அமைந்ததில் எனக்கு உள்ளார்ந்த மகிழ்ச்சி.

"இதையாடா பார்க்க இவ்வளவு தூரம் வந்தோம்னு அம்மா கேட்பாங்க" என்றான் மருமகன். கேட்கட்டும், கதையைச் சொல் என்றேன்.

படகுத்துறைக்குத் திரும்பும் வழியில் மறைகுடிலில் பார்த்த அதே தன்னார்வலர் கரையோரத்தில் இன்னும் சிலரோடு கம்பிக் கூடைகளையும் மண்வாரிகளையும் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பார்வையாளர் வருகை நின்றதும் அவர்களுக்கு வேலை தொடங்குகிறது. காயலுக்குள் சரளை கொட்டி உண்டாக்கிய திட்டுகள் இருக்கின்றன. ஆலாக்கள் கோடையில் முட்டையிடுவது அவற்றின்மேல்தான். வெறுந்தரை இருந்தால்தான் ஆலா இறங்கும்; ஓர் ஆண்டு களையெடுக்காமல் விட்டால் புல் மூடிவிடும். எனவே குளிர்காலத்தில் இடுப்பளவு ரப்பர் உடுப்போடு நீரில் நடந்துபோய்ப் புல்லைப் பிடுங்கி, அலை அரித்த ஓரங்களுக்கு மறுபடி சரளை போட்டு, மதகில் நீர்மட்டத்தைச் சரிபார்க்கிறார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேலாக வருவதாகச் சொன்னார்.

மருமகன் தயங்கித் தயங்கி, மாணவர்கள் வரலாமா என்று கேட்டான். அவர் அவன் காலணியைப் பார்த்தார்.

"நீச்சல் தெரியுமா?"

"நாகப்பட்டினம்" என்றான்.

அது போதுமான பதிலா என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நான் விளக்கினேன், கடலோர ஊர் என்று. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து அவன் பெயரை எழுதிக்கொண்டார். வேலையாட்கள் படகு காலை எட்டரைக்கு, தாமதமானால் நிற்காது, கையுறையும் உடுப்பும் அங்கே தருவார்கள், மதியச் சாப்பாட்டை அவனே கட்டிக்கொண்டு வர வேண்டும்.